வீட்டைக் காட்டும் வில்லை

அரபு மொழியில் 'அதஸ்' என்றால் மைசூர்ப் பருப்பு. பனூ இஸ்ராயீல் மக்கள் மூஸா நபி (அலை) அவர்களிடம் கேட்ட உணவுப் பொருள்களுள் அதுவும் ஒன்றென்பதைத் திருக்குர்ஆன் ஓதுவோர் அறிவர். அந்தச் சொல்லிலிருந்து பிறந்த 'அதஸா' என்பதே இன்று காமிராவின் கண்ணாடி வில்லைக்கு அரபியில் வழங்கும் பெயர். லென்ஸ் என்னும் சொல்லும் லத்தீனில் அதே பருப்பைக் குறித்ததுதான். இருபுறமும் புடைத்து ஓரம் மெலிந்த அதன் வடிவமே இப்பெயருக்குக் காரணம். வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் சொல் மறப்பதில்லை.

முப்பது ஆண்டுகளாக நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து வருபவனுக்குக் காமிரா வில்லையில் என்ன அக்கறை என்று அன்பர்கள் கேட்கலாம். என் தங்கையின் மகன், விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளைப் படம் பிடித்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டிருக்கிறான். எங்கள் கடலோர ஊர்களில் இத்தொழிலுக்கு இப்போது நல்ல தேவை இருக்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண் மக்களுக்கு வீடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். அந்த வீட்டுக்குப் பணம் சேர்க்கும் வாப்பாவோ ஜித்தாவிலும் துபாயிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார். முன்பு அவர் விடுமுறைக்கு வரும்வரை காத்திருப்பார்கள். இப்பொழுது பத்துப் படங்கள் அவருடைய கைப்பேசிக்குப் போகின்றன. அன்று இரவே விலை பேசுகிறார். வாழ்நாளில் ஒரு முறை வாங்கும் வீட்டை அவர் முதன்முதலில் பார்ப்பது என் மருமகனின் காமிரா வழியாகத்தான்.

தங்கை சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு வில்லை வாங்க வேண்டியிருந்தது. "காக்கா, அவன் சொல்ற நம்பரெல்லாம் எனக்குப் புரியலெ. நீங்க பார்த்துச் சொன்னா எனக்கு மனசு ஆறும்" என்றாள். வாங்குவதற்கு முன் கிதாபு பார்ப்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். சில வாரங்கள் படித்தேன். அவனோடு நான்கைந்து வீடுகளுக்கும் போனேன்.

நிற்க. நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு செய்தியை இங்கே திருத்திவிட்டுப் போவது நல்லது. 'காமிரா என்ற சொல்லே அரபியின் கமராவிலிருந்து வந்தது' என்று பெருமையோடு சொல்கிறார்கள். அப்படியன்று. காமிரா என்பது லத்தீனில் வளைகூரையையும் அறையையும் குறிக்கும் சொல். அதற்கு மூலம் கிரேக்கம். நமக்குரிய பெருமை சொல்லில் இல்லை, செயலில் இருக்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து ஏறத்தாழ கி.பி. 1040-இல் மறைந்த இப்னுல் ஹைதம், கிரகணத்தின்போது சிறு துளை வழியாக இருண்ட இடத்தில் விழும் சூரியனின் பிறைவடிவப் பிம்பத்தை ஆராய்ந்து தனியாக ஒரு நூலே எழுதினார். அவரிடம் துளைதான் இருந்தது, வில்லை இல்லை. ஆக, காமிரா என்றால் அறை. அறையைக் கொண்டு அறையைப் படம் பிடிக்கும் வேலைதான் என் மருமகனுடையது.

இனி விஷயத்துக்கு வருவோம். வில்லையின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீட்டர் கணக்கு அதன் குவியத் தூரம். இந்த எண் குறையக் குறைய வில்லை அகலமாகப் பார்க்கும். ஃபுல் ஃப்ரேம் என்று சொல்லப்படும் காமிராவில் ஒளியை வாங்கும் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம், 24 மில்லிமீட்டர் உயரம். அதில் 50 மில்லிமீட்டர் வில்லை இடவலமாக 40 பாகை அளவே காணும். 35 என்றால் 54 பாகை. 24 என்றால் 74 பாகை. 16 என்றால் 97 பாகை. 12 என்றால் 113 பாகை. முகத்தைப் படம் பிடிப்போருக்கு 50-உம் 85-உம் உகந்தவை. அவற்றைக் கொண்டு பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையைப் படம் பிடித்தால் ஜன்னலில் பாதியும் கட்டில் காலும்தான் அகப்படும். பின்னால் நகர்ந்து நிற்கலாமே என்றால், சுவர் விடுவதில்லை. வீட்டுப் படத்துக்கு அகன்ற வில்லை வேண்டும் என்பதற்கு இந்தச் சுவர் ஒன்றே காரணம்.

எவ்வளவு அகலம் என்பதில்தான் கருத்து வேறுபாடு. வீடுகளைப் படம் பிடிப்போரில் பலர் 16-இலிருந்து 35 வரை நீளும் ஜூம் வில்லையைச் சொல்கிறார்கள். 24-க்குக் கீழே போவதே கூடாது என்போரும் உண்டு. அகலமானது எதுவோ அதுவே சிறந்தது என்பது தரகர்களின் மத்ஹபு.

ஒரு நாள் காலியான ஒரு வீட்டின் படுக்கையறை மூலையில் முதுகை ஒட்டி நின்றுகொண்டு நான் யோசித்தேன். மூலை என்பது செங்கோணம், 90 பாகை. அங்கே நிற்பவனுக்கு இடச்சுவரும் வலச்சுவரும் புறப்படும் இடத்துக்கு இடையில் 90 பாகைதான் இருக்கிறது. அதற்கு மேல் பார்க்க அறையில் ஒன்றுமில்லை. எந்த வில்லை சரியாக 90 பாகை காணும்? சென்சாரின் அகலத்தில் பாதி எவ்வளவோ அதுவே குவியத் தூரமாக இருந்தால் கோணம் 90 ஆகும். 36-இல் பாதி 18. ஆகவே மூலையில் நிற்கும் மனிதனின் வில்லை 18 மில்லிமீட்டர். இது யாரும் வகுத்த சட்டமன்று. கொத்தனார் மட்டப்பலகை வைத்து எழுப்பிய மூலையிலிருந்து தானே வரும் கணக்கு. முக்காலியை மூலைக்குள் முற்றிலும் நுழைக்க முடியாது, ஓரடி முன்னால்தான் நிற்கும் என்பதால் 16 வரை கொஞ்சம் இடம் கொடுக்கலாம். அதற்கும் கீழே போனால் வில்லை புதிதாக எதையும் காட்டுவதில்லை. ஏற்கெனவே காட்டிய பக்கச் சுவர்களை இழுத்து நீட்டுகிறது.

இழுப்பது என்றேன். அது உவமையன்று. நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் வில்லைகள் எல்லாமே ஓரத்தை நீட்டித்தான் ஆகவேண்டும். தட்டையான சென்சாரில் அகன்ற காட்சியை வரைவதற்கு அவை கொடுக்கும் விலை அது. 18 மில்லிமீட்டர் வில்லையில் படத்தின் இட ஓரத்திலோ வல ஓரத்திலோ ஒரு பந்து இருந்தால், அதே தொலைவில் நடுவில் இருக்கும்போது தெரிவதைவிட இரு மடங்கு நீண்டு தெரியும். 12 மில்லிமீட்டரில் மும்மடங்குக்கும் மேல். ஓரத்தில் கிடக்கும் சாய்வு நாற்காலி நீள் சோபாவாவது இப்படித்தான். நீட்டாமல் காட்டும் மீன்கண் வில்லையும் உண்டு. அதில் சுவர்களும் தூண்களும் வில்லாக வளைந்து விடும். வளைந்த வீட்டை யாரும் வாங்கமாட்டார்.

இதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. 18 மில்லிமீட்டரில் எடுத்த படம் கைப்பேசித் திரையில் 15 சென்டிமீட்டர் அகலத்தில் தெரிகிறது என்று கொள்வோம். நேரில் நின்று பார்த்தது போலவே அது தோன்றவேண்டுமானால், அந்த அகலத்தில் பாதித் தொலைவில், அதாவது ஏழரை சென்டிமீட்டரில் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். நான்கு விரற்கடை தூரம்! யார் பார்ப்பார்? ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளித்தான் பிடிக்கிறோம். அப்படித் தள்ளிப் பிடிக்கும்போது அறையின் ஆழம் நீண்டு விடுகிறது. எதிர்ச்சுவர் எங்கோ போய் நிற்கிறது. இதில் வில்லை பொய் சொல்லவில்லை, படம் பிடித்தவனும் பொய் சொல்லவில்லை. எனினும் பார்ப்பவர் மனத்தில் பத்தடி அறை பதினெட்டடிக் கூடமாகி விடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து படம் பார்த்து மகளுக்கு வீடு பேசி, முன்பணமும் அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்த நாளில் கட்டிலைப் போட்டால் பீரோவின் கதவு திறக்கவில்லை. வீட்டில் குறை ஒன்றும் இல்லை. அவர் மனத்தில் வாங்கிய வீடு வேறு.

தரகர் ஒருவர் மருமகனிடம் ஒரு நிபந்தனை வைத்தார். மிக அகன்ற வில்லை வாங்கினால் மாதம் இத்தனை வீடு உறுதி என்பது அவர் பேச்சு. அவர் தீயவர் அல்லர். ஐந்து வேளை முதல் ஸஃப்பில் நிற்பவர். என்னிடமே வந்து, "ஆலிம்சா, படத்தைப் பார்த்தா கிரயம் எழுதுறாங்க? வந்து பார்த்துத்தானே எழுதுறாங்க. படம் வீட்டுக்குக் கூப்பிடுற பத்திரிகை மாதிரி. அதுலெ என்ன குத்தம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று இரவு மின்ஹாஜை எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஷாஃபியீ மத்ஹபில் ஓதிய அனைவரும் அறிந்த 'மின்ஹாஜுத் தாலிபீன்', ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களுடைய நூல். அதில் வியாபாரப் பகுதியில் தஸ்ரியா என்றொரு பிரச்சினை வருகிறது. ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடி பெருத்துத் தெரியும்போது விற்பது. வாங்கியவருக்கு அதைத் திருப்பிக் கொடுக்க உரிமை உண்டு. இதனோடு சேர்த்து இமாம் அவர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். நீரால் சுழலும் திரிகையை விற்பவர், வாய்க்கால் நீரை முன்கூட்டியே தேக்கி வைத்து, ஆள் பார்க்க வரும் நேரத்தில் திறந்து விடுகிறார். திரிகை வேகமாகச் சுற்றுகிறது. திரிகை உண்மை, நீரும் உண்மை. ஆனால் நாளெல்லாம் வரும் நீர் அதுவன்று. இங்கும் திருப்பும் உரிமை உண்டு. அடுத்து எதிர்ப்புறமாக ஒன்று. அக்காலத்தில் அடிமையை விற்பவர், அவன் எழுதத் தெரிந்தவன் என்று தோன்றட்டும் என்று அவனுடைய ஆடையில் மையைப் பூசி வைக்கிறார். இதில், வலுவான கருத்தின்படி, திருப்பும் உரிமை இல்லை. மைக்கறையைப் பார்த்த அளவிலேயே நம்பியது வாங்கியவருடைய கவனக்குறை. எழுதச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

அகன்ற வில்லை எதனோடு சேரும்? தேக்கிய நீரோடா, மைக்கறையோடா? தரகர் சொல்வது மைக்கறைப் பக்கம்: வந்து அளந்து பார்த்துக்கொள்ளட்டுமே. அவர் வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நீள அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வீடு பேசுவது கவனக்குறையே. ஆயினும் மைக்கறை என்பது வேறொன்றைக் குறிக்கும் அடையாளம். படமோ பொருளையே காட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆடு மேய்த்துப் பழகியவன்கூடப் பெருத்த மடியைக் கண்டு ஏமாறுவது போல, வில்லையின் கணக்கு அறியாத கண் அகன்ற படத்தைக் கண்டு ஏமாறுகிறது. படத்தை நம்பியே முன்பணம் அனுப்பும் காலமும் வந்துவிட்டது. நூலில் காமிரா பற்றி எதுவும் இல்லை. இது என்னுடைய கருத்து, ஃபத்வா அன்று. மூலையின் செங்கோணம் வரைக்கும் போவது அறையைக் காட்டுவது. அதைத் தாண்டி இழுப்பது நீரைத் தேக்கித் திறப்பது. தரகரிடம் இப்படியே சொன்னேன். "திரிகை வரைக்கும் கொண்டு போயிட்டீங்களே ஆலிம்சா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

இதற்காக 35-ஐயோ 50-ஐயோ வைத்துக்கொண்டு பக்தியாகப் படம் பிடி என்றும் நான் சொல்லவில்லை. விற்பவருக்கும் ஹக்கு உண்டு. கணவனை இழந்த ஒரு பெண் தன் ஒரே வீட்டை விற்கிறாள் என்றால், அவளுடைய பன்னிரண்டடிக் கூடத்தை ஆறடி போலக் காட்டிக் கெடுப்பதும் அநீதிதான்.

ஹனஃபீ மத்ஹபில் வீட்டைப் பார்ப்பது பற்றிய ஒரு சுவையான கருத்து வேறுபாடும் நினைவுக்கு வருகிறது. பாராத பொருளை வாங்கியவருக்குப் பார்த்தபின் மறுக்கும் உரிமை அந்த மத்ஹபில் உண்டு. வீட்டின் முற்றத்தைப் பார்த்தாலே பார்த்ததாகும் என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). உள்ளே போய் அறைகளைப் பார்க்கவேண்டும் என்றார்கள் அவர்களுடைய மாணவர் இமாம் ஸுஃபர் (ரஹ்). 'ஹிதாயா' ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்), முன்னவரின் காலத்து வீடுகள் உள்ளே ஒன்று போலவே இருந்தன, இப்போது அப்படி இல்லை என்று காரணம் கூறிப் பின்னவர் பக்கம் சாய்கிறார். முகப்பை மட்டும் மூன்று கோணத்தில் அனுப்பும் தரகர்கள் இதை ஓதவேண்டும்.

சரி, எந்த வில்லை வாங்கினான்? அவனிடம் இருந்தது ஃபுல் ஃப்ரேம் காமிரா அன்று, சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலமே உள்ள கேனன் காமிரா. கடைக்காரர்கள் ஏபிஎஸ்-சி என்பார்கள். இதில் ஒவ்வொரு வில்லையும் 1.6 மடங்கு நீண்டதுபோல நடந்துகொள்ளும். ஃபுல் ஃப்ரேமில் அகன்று காணும் 24 இதில் 38 ஆகிவிடும். இதை அறியாமல் வாங்கி வருந்துவோர் பலர். அவனுடைய சென்சாருக்குச் செங்கோணத்தின் எண் 11.

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ஃபுல் ஃப்ரேம் காமிராவும் 16-35 வில்லையும் சேர்த்து வாங்குவது. தங்கையின் சேமிப்பு அதற்குப் போதாது. இரண்டாவது, ஷிஃப்ட் வில்லை. கட்டடங்களைப் படம் பிடிப்போர் அதை உயர்வாக மதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. காமிராவை அண்ணாந்து பிடித்தால் தூண்களும் சுவர்களும் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். வீடு பின்னால் விழப்போவது போல் இருக்கும். ஷிஃப்ட் வில்லையில் காமிராவை நேராக நிறுத்தியபடியே வில்லையை மட்டும் மேலே நகர்த்தலாம். தூண் தூணாக நிற்கும். 1960-களின் தொடக்கத்திலேயே நிக்கான் 35 மில்லிமீட்டரில் இப்படி ஒன்றைச் செய்தது. கேனன் 1991-இல் 24-உம், 2009-இல் 17-உம் கொண்டு வந்தது. விலை அவனுடைய மோட்டார் சைக்கிளை விட அதிகம். எங்கள் ஊர் வீடுகளில் வேறு வழி இருக்கிறது: முக்காலியை நாலடி உயரத்தில் வைத்துக் காமிராவை மட்டமாக நிறுத்தினால் உள்ளறையில் சுவர் சாயாது. தரைதான் சற்று அதிகம் தெரியும், கீழே வெட்டிவிடலாம்.

மூன்றாவது, கேனன் 2014-இல் ஏபிஎஸ்-சி காமிராக்களுக்காகவே வெளியிட்ட 10-18 வில்லை. அதையே வாங்கினோம், பிறர் சிறிது காலம் பயன்படுத்தியதை. 18-இல் 64 பாகை, 10-இல் 96 பாகை. மூலை அந்த இரண்டுக்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. மங்கலான வெளிச்சத்தில் கையால் பிடித்து எடுப்போருக்கு வேண்டிய எஃப் 2.8 இதில் இல்லை, எஃப் 4.5-இல்தான் தொடங்குகிறது. அதனால் நமக்குக் குறைவில்லை. கல்யாண வீட்டில் ஆட்கள் நடமாடுகிறார்கள், பெரிய துளை வேண்டும். காலி வீட்டில் எது ஓடப்போகிறது? முக்காலியில் நிறுத்தி, எஃப் 8 வைத்து, அரை வினாடியோ ஒரு வினாடியோ திறந்து வைத்தால் முன்னால் உள்ள தரையோடும் பின்னால் உள்ள ஜன்னல் கம்பியும் ஒன்றுபோலத் தெளிவாக இருக்கும். பெரிய துளைக்குக் கொடுக்கும் பணம் வீட்டுப் படத்தில் வீண் பணம்.

கடையில் அவன் செய்த சோதனை எனக்குப் பிடித்திருந்தது. எதிரே இருந்த இரும்பு மடக்குக் கதவைச் சட்டத்தின் ஓரத்தோடு ஒட்டி வைத்து 10-இல் ஒரு படம், 14-இல் ஒரு படம் எடுத்தான். கம்பிகள் எங்கே வளைகின்றன என்று பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு விளக்கை நோக்கி ஒன்று. கண்ணாடிக்குள் வெளிச்சம் சிதறிப் புள்ளி புள்ளியாக விழுகிறதா என்று. நம் பழைய வீடுகளில் முற்றத்து வெயில் கண்ணைக் கூச, உள்ளறை இருண்டு கிடக்கும். இருட்டுக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, நடுவே ஒன்று என மூன்று படம் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறான். அதற்கும் முக்காலிதான் உயிர்.

இப்போது அந்த வில்லையில் 11-க்கு நேரே சிவப்புத் தாள் துண்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அவனே ஒட்டினான். படங்களோடு ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் அடிக்கணக்கில் எழுதி ஒரு தாள் அனுப்புகிறான். நாடா பிடிக்க என்னையும் சில சமயம் அழைத்துப் போகிறான். தரகர் மூன்று வீடு கொடுத்த இடத்தில் இப்போது ஒன்றுதான் கொடுக்கிறார். மற்ற இரண்டையும் இன்னொரு பையன் கைப்பேசியின் மிக அகன்ற கண்ணால் எடுக்கிறான். 2019-இல் ஐபோன் 11-இல் 120 பாகைக் கண் வந்தபின் அந்த வேலைக்குக் காமிராவே தேவையில்லை என்றாகிவிட்டது. தங்கைக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் சவூதியிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இரண்டு பேர் தரகரை விட்டுவிட்டு அவனையே அழைத்து, பேசி வைத்திருக்கும் வீட்டைப் போய் எடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறார்கள். கூலி அவர்களே கொடுத்தார்கள்.

சென்ற வாரம் பழைய வீடு ஒன்றில் ஆறடிக்கு எட்டடி சமையலறை. 11-இல் நிற்கவில்லை, 10-க்குத் திருப்பினால் அம்மியும் சேர்ந்து வரும். "மாமா, திருப்பட்டுமா?" என்றான். இரண்டு படமாக எடுத்துக்கொள், வாப்பா என்றேன். வாசலில் நின்று ஒன்று, அடுப்படியில் நின்று ஒன்று என்று எடுத்து, இரண்டின் கீழும் ஆறுக்கு எட்டு என்று எழுதி அனுப்பினான்.